நாலாம் ஜுரம்

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் கொட்டிவைத்திருக்கும் சுண்ணாம்பை மிதித்து, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே கண்ணை மூடி நிற்கிறாள் சுகுணா. உள்ளே பட்டுப்புழுக்கள் தழை தின்னும் சத்தம். தூறல் மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலச் சொல்வார்கள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "தூறலு உட்டு உட்டு பெய்யுமுங்க. இது உடாதுங்க. பசிக்கு நடுவுல நிறுத்தத் தெரியாது" என்பாள். எந்தப் பக்கத்து அடுக்கில் தழை தீர்ந்துவிட்டது, எங்கே இன்னும் தின்று முடிக்கவில்லை என்பதையெல்லாம் வெளியிலிருந்தே காதால் சொல்லிவிடுவாள். அவள் புருஷன் வீரமணி சோதித்துப் பார்த்துத் தோற்றுப்போனவன்.

பென்னாகரம் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் ராஜப்பன் கொட்டாய். அங்கே சுகுணாவின் வீட்டைவிட அவளுடைய புழு வீடு பெரிசு. சிமெண்ட் ஷீட் போட்ட நீளக் கொட்டகை, ஜன்னலுக்கெல்லாம் வலை, பின்னால் மல்பெரித் தோட்டம். உள்ளே நுழைவதற்குச் சட்டதிட்டம் உண்டு. பவுடர் போட்டவர்கள், பீடி பிடித்தவர்கள், மல்லிகைப்பூ வைத்தவர்கள் எல்லோரும் வாசலோடு சரி. ஒருமுறை சொந்த நாத்தனாரே சென்ட் போட்டுக்கொண்டு வந்து, வெளியிலேயே நிறுத்தப்பட்டு, கோபித்துக்கொண்டு அடுத்த பொங்கல்வரை பேசாமல் இருந்தாள். "புழுவுக்கு மூக்கு கெடையாதுங்க. ஒடம்பே மூக்கு" என்பது சுகுணாவின் நியாயம்.

புழு வளர்கிற நாட்களில் நாலு முறை அந்தச் சத்தம் நின்றுபோகும். தோல் மாற்றுவதற்காகப் புழுக்கள் தின்பதை விட்டுவிட்டு, தலையை மட்டும் மேலே தூக்கியபடி அப்படியே நின்றுவிடும். அதற்கு இங்கே ஜுரம் என்று பெயர். ஜுரத்தில் இருக்கிற புழு வீட்டுக்குள் முதல்முறை போகிறவர்களுக்கு முதுகு சில்லிடும். அடுக்கு அடுக்காக வெளுத்த உடல்கள், ஒன்று பாக்கியில்லாமல் தலையைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நிற்கும். அந்த நேரத்தில் தழை போடக்கூடாது, தொடக்கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் பாதித் தோலோடு செத்துப்போகும்.

"அதுங்க வேலய அதுங்க பாக்குது. நாம சும்மா இருந்தா போதும்" என்பாள் சுகுணா. சும்மா இருப்பதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. காலையில் கண் விழித்ததும் தன் பெயரைத் தானே ஒருமுறை கூப்பிடுவாள். "சுகுணா." கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பாள். பிறகு "ம்" என்று பதில் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பாள். கல்யாணமான புதிதில் இது கிடையாது. மூத்த பெண் பிறந்த பிறகு வந்தது. வீரமணிக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் "ம்" வருவதற்கு ரொம்ப நேரமானது. அதற்குப் பிறகு அவன் சிரிப்பதில்லை.

பகலில் தூங்க மாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் தூங்க மாட்டாள். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு கொட்டக்கொட்ட விழித்திருப்பாள். சளி மாத்திரை தின்றால் தூக்கம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிவாளே தவிர மாத்திரையைத் தொடமாட்டாள்.

மூத்தவள் தர்ஷிகா பிறந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வலி வந்தது, நின்றது, குழந்தை இறங்கவில்லை. ஆபரேஷன் என்றார்கள். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், விழித்துக்கொண்டே இருக்கலாம், குழந்தை வருவதைப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அவளும் தைரியமாகத்தான் போனாள். முதுகு ஊசி பிடிக்கவில்லை. சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். கிள்ளிப் பார்த்தபோது அவள் துள்ளினாள். கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் வழியாக ஏதோ மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது சுற்றாமல் நின்ற ஒரு மின்விசிறியும், வற்றிப்போன வயிறும்தான். குழந்தை வேறு யாருடைய மடியிலோ அழுதுகொண்டிருந்தது.

"நான் பெக்கலீங்க. நான் இல்லாதப்ப பொறந்துருச்சிங்க" என்பாள். அழுதுகொண்டு சொல்வதில்லை. வெளியூர் போயிருந்தபோது வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டதைச் சொல்கிற மாதிரிச் சொல்வாள். ஆனால் சொல்லி முடித்ததும் தர்ஷிகாவை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணின்மேல் அவளுக்குப் பாசத்துக்குக் குறைவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. குழந்தையைப் பற்றியல்ல, தன்னைப் பற்றி.

அந்தச் சந்தேகத்தை வளர்த்துவிட்டவள் எதிர்வீட்டுக் கிழவி தீர்த்தம்மாள். தர்ஷிகா பிறந்த அன்று வீட்டு ஆட்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால், புழுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தீர்த்தம்மாளுடையது. குழந்தையோடு சுகுணா வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தீர்த்தம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"ஏன்டி, கூப்புட்டா பேச மாட்டியா? மத்தியானம் தழக்கூடய தூக்கிகிட்டு வரேன், புழு வூட்டு வாசல்ல நிக்கறே. கண்ண மூடிகிட்டு, நீ எப்பவும் நிக்கறாப்பல. நோவுன்னு போனவ எப்ப வந்தேன்னு கேட்டா, வெரல வாயில வெச்சி சத்தம் போடாதங்கறே. சாவிய மறந்துட்டேன்னு வூட்டுக்குப் போயி எடுத்துகிட்டு வந்தா ஆளக் காணோம். பூட்டு பூட்டுனபடி இருக்குது. தெறந்து உள்ள போனா, அத்தினியும் ஜொரத்துல நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை. "என்னா கட்டியிருந்தேன் ஆயா?" என்று கேட்டாள்.

"என்னாத்த கட்டியிருந்தே? பச்சையா ஒரு அங்கி. முதுவுல நாடா வெச்சது. அந்தக் கோலத்துல ரோட்டுல எப்பிடி வந்தேன்னுதான் நானும் பாத்தேன்" என்றாள் தீர்த்தம்மாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மாற்றிவிட்ட அங்கியைத் தீர்த்தம்மாள் பார்த்ததில்லை. அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. புளுகுகிறவளும் அல்ல, அதற்கு வேண்டிய கற்பனை அவளுக்குக் கிடையாது. கண்ணும் பழுதில்லை; தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துக் கொட்டாய்க்கே அறிவிக்கிறவள். எங்கேயாவது யாரையாவது அந்த மாதிரி உடுப்பில் பார்த்திருப்பாள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பாள் என்றான் வீரமணி. இருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த ஒரு மத்தியானத்தை சுகுணா ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். "எம்பொண்ணு பொறந்தன்னிக்கி, மத்தியானம், நீங்க எங்கங்க இருந்தீங்க? என்னா பண்ணிகிட்டு இருந்தீங்க?" பஸ் கண்டக்டரைக் கேட்டாள். பட்டுக்கூடு ஏலம் விடுகிற இடத்தில் பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். கிராம நர்ஸ் மலர்விழியை முதல்முதலாகப் பார்த்தபோது வணக்கம் சொன்ன கையோடு கேட்டாள். மலர்விழி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வருஷம் நான் தொப்பூர் பக்கம் வேலை பார்த்தேங்க. மத்தியானம்னா டப்பா தெறந்து சாப்பிட்டுகிட்டு இருந்திருப்பேன்" என்றாள். சுகுணாவுக்கு அதில் ஒரு திருப்தி. எல்லோரும் எங்கேயோ இருந்திருக்கிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் இருந்த இடம் தெரியவில்லை. தெரிந்த ஒரே இடமும் தீர்த்தம்மாள் சொன்ன இடமாக இருந்தது.

வீரமணியிடம் கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துவிட்டது. "டீ குடிச்சிகிட்டு இருந்தேன். டீ. டீ. இன்னும் எத்தினி தடவ சொல்லட்டும்?" கடைசியில் மகளையே கேட்டாள். அப்போது தர்ஷிகாவுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது. சாணி மெழுகிய வாசலில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நீ பொறந்தப்ப அம்மா எங்கடி இருந்தேன் என்று கேட்டதற்கு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ வெளியில நின்னுகிட்டு இருந்தே" என்றாள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறது குழந்தை, அவ்வளவுதான். ஆனாலும் அன்று மாலை சுகுணா தழை போடப் போகவில்லை, வீரமணிதான் போட்டான்.

அடிவயிற்றுத் தையலுக்கு மேலே ஒரு கையகல இடத்தில் அவளுக்கு உணர்ச்சி இல்லை. அறுத்த இடத்தில் நரம்பு அப்படித்தான் இருக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குளிக்கும்போது அங்கே கை பட்டால் அவள் சட்டென்று எடுத்துவிடுவாள். "என்னத் தொடறாப்பல இல்லீங்க. பக்கத்துல நிக்கறவங்களத் தெரியாம தொட்டுட்டாப்பல இருக்குது" என்று மலர்விழியிடம் ஒருமுறை சொன்னாள். மலர்விழி பிரஷர் பார்க்கிற பட்டையை மடித்து வைத்தாள்.

இந்த நிலையில்தான் இரண்டாவது உண்டானது. சுகுணாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இந்த முறை ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு, விழித்துக்கொண்டு, தானே பெற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தான்னு சட்டம் இல்லம்மா. வலி தானா வந்தா பார்க்கலாம். ஆனா பழைய தையல் தாங்கணும். அதை நாங்க பக்கத்துல இருந்து பார்த்துகிட்டே இருக்கணும். அதனால வலி வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கக் கூடாது. முன்னாடியே வந்து படுத்துடணும். குழந்தை அசைவு குறைஞ்சா, ராத்திரி பகல் பார்க்காம வந்துடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சிதுங்க" என்றாள். முன்பாதி மட்டும் புரிந்தது.

வயிற்றிலிருந்த குழந்தையும் தாயைப் போலவே இருந்தது. புழுக்கள் தழை தின்னும் சத்தம் கேட்டால் உதைக்க ஆரம்பித்துவிடும். சுகுணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழு வீட்டு வாசலில் நின்று சிரிப்பாள். "இதுவும் கேக்குதுங்க. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே சத்தத்த கேக்கறோம்." மலர்விழி சொல்லிக் கொடுத்தபடி சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாகப் படுத்து அசைவு பார்ப்பதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டிய வாரம் வந்தது. புழுவுக்கோ அப்போதுதான் நாலாம் ஜுரம், கடைசி ஜுரம், நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் தழையை அள்ளிக் கொட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். "இத ஒண்ணத் தாண்டி உட்டுட்டு வந்தர்றேன் மேடம்" என்று மலர்விழியிடம் போனில் கெஞ்சினாள். மலர்விழி திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு சுகுணா சுண்ணாம்பு சலிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் புழு வீடு அடங்கிப்போனது. கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. உள்ளே அத்தனையும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. வழக்கம்போலத் தூளைத் தூவிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாகப் படுத்தாள். வயிறும் அடங்கியிருந்தது.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துப் பார்த்தாள். தட்டிக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்திருப்பார்கள், தெருவில் இறங்கிக் கத்தியிருப்பார்கள். சுகுணா பயப்படவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒன்றுதான் இது. பெரிதாக வளரப்போகிறது என்றால் அதற்கு முன்னால் அடங்கும். அந்த நேரத்தில் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. ஓடிவந்து மேலே விழுந்த தர்ஷிகாவைப் பிடித்து நிறுத்தி, "கத்தாதடி. பாப்பா ஜொரத்துல இருக்குது. நாளைக்கி எந்திரிச்சிடும்" என்றாள். மாலையில் மலர்விழி போன் செய்து அசைவு இருக்கிறதா என்று கேட்டபோது, "இருக்குதுங்க மேடம்" என்றாள்.

தெரியாமல் செய்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். இல்லை என்று சொல்லியிருந்தால் உடனே வரச் சொல்வார்கள், வந்தால் அறுப்பார்கள், அறுப்பதற்கு முன்னால் தன்னை எங்கேயோ அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மறுபடியும் அந்தப் பச்சை அங்கியில் புழு வீட்டு வாசலில் போய் நிற்க அவள் தயாராக இல்லை. ஜுரம் என்று நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது. அவளை நினைத்தால் கோபமும் வருகிறது, பரிதாபமாகவும் இருக்கிறது.

விடிந்ததும் பெயரைக் கூப்பிட்டு, "ம்" சொல்லிக்கொண்டு எழுந்து, நேராகப் புழு வீட்டுக்குப் போனாள். ஜுரம் தெளிந்திருந்தது. புதுத் தோலோடு புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு தழைக்குத் தவித்தன. வீரமணி கூடையைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோக டெம்போவில் பெட்டிகளை ஏற்றப் போனான். அவள் தழையைப் பரப்பினாள். ஒரு மூலையில் ஆரம்பித்து, அடுத்த அடுக்கு, அதற்கடுத்தது என்று சத்தம் எழும்பியது. பசியான சத்தம். கொட்டகை முழுக்க அது நிறைந்து, காதை அடைத்தது. இந்தச் சத்தத்துக்குத்தான் குழந்தை உதைக்கும். அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜுரம் முடிந்து எல்லாம் எழுந்த பிறகும் ஒன்றிரண்டு எழாமல் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சுண்ணாம்பில் போட்டுவிடுவது வழக்கம். அன்றும் இரண்டு கிடந்தன. அதில் ஒன்றை எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

வெளியே வந்தவள் ஓடவில்லை. நடந்து போய் டெம்போவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் எந்திரிச்சிருச்சி. இது எந்திரிக்கல" என்றாள்.

வீரமணிக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஏற்றியிருந்த தக்காளிப் பெட்டிகளை இறக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தர்ஷிகாவைத் தீர்த்தம்மாள் கையில் கொடுத்துவிட்டு, சுகுணாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தக்காளியோடு தருமபுரிக்கு ஓட்டினான். மேட்டிலும் பள்ளத்திலும் பின்னால் பெட்டிகள் குதித்தன. நேற்றிலிருந்து அசைவில்லை என்று அவள் வழியில்தான் சொன்னாள்.

"நேத்துலேர்ந்தா? ஏன்டி சொல்லல?"

"ஜொரம்னு நெனச்சேன்."

"புழுவாடி அது?" என்று கத்தினான். தருமபுரி வந்துசேரும்வரை அவன் அழுதுகொண்டே ஓட்டினான். அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டையைக் கட்டித் துடிப்பைக் கேட்டார்கள். இருந்தது. ஆனால் இருக்கவேண்டிய வேகத்தில் பாதிகூட இல்லை. கொஞ்சம் ஓடிவிட்டு, மறந்துபோனதுபோல நின்று, மறுபடி ஆரம்பித்தது. லேடி டாக்டர் அதிகம் பேசவில்லை. "தியேட்டருக்குக் கொண்டு போங்க" என்றார். வீரமணி எங்கே காட்டினார்களோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டான். பச்சை அங்கியை மாற்றிவிட்டபோது சுகுணா நாடாவைத் தானே பிடித்துப் பார்த்தாள் என்று ஆஸ்பத்திரி ஆயா பிற்பாடு சொன்னாள்.

மயக்க மருந்து டாக்டரின் பெயர் ஆரோக்கியராஜ். மேஜையில் படுக்கவைத்ததும் சுகுணா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தூங்க வெக்காதீங்க சார். முதுவுல போடுங்க. இந்தத் தடவ பிடிக்கும் சார். பிடிக்கலன்னாலும் நான் தாங்கிக்கறேன். நான் இருக்கணும் சார்."

அவர் குனிந்து அவள் முகத்துக்கு நேராகப் பேசினார். "போடலாம்மா. ஆனா உட்கார வெச்சி, ஊசி போட்டு, அது பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அந்த நேரம் குழந்தைக்கு இருக்கான்னு என்னால சொல்ல முடியல. மயக்கம் குடுத்தா உடனே எடுத்துடலாம்."

இந்த இடத்தில் நிறுத்தினால் படிக்கிறவர்கள் சாபம் கொடுப்பார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. எடுத்தபோது அழவில்லை, கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பழைய தையலும் உள்ளே காகிதமாக இளைத்துப்போயிருந்தது என்றார் லேடி டாக்டர். வலி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். இரண்டாவதும் பெண். இப்போது கீழ்வாயில் இரண்டு பல் முளைத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது.

ஆக, இந்த முறையும் அவள் இல்லாதபோதுதான் பிறந்தது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சுகுணா ஒருவரையும் கேட்கவில்லை. கண் விழித்த அன்று மட்டும் தன் பெயரை வழக்கத்தைவிட மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டாளாம். வார்டுக்கு மாற்றிய பிறகு தீர்த்தம்மாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்ததும், "ஏன்டி சுகுணா, அன்னிக்கி நான் தழ போடப் போனேனா..." என்று ஆரம்பித்தாள். சுகுணா எட்டி அவள் வாயைப் பொத்தினாள். "வேணாம் ஆயா." தீர்த்தம்மாள் அதன் பிறகு அதைப் பற்றிக் கொட்டாயில் யாரிடமும் பேசவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடியவள் அல்ல அவள்.

மேஜைமேல் அன்று நடந்ததையும் சுகுணா சொன்னதில்லை. சொன்னவர் டாக்டர் ஆரோக்கியராஜ். குழந்தைக்குத் தடுப்பூசி போட வீரமணி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவனை அடையாளம் கண்டு நிறுத்தி, "மயக்கம் குடுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறவங்க, கையத் தட்டிவிடுறவங்க, எல்லாரையும் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்காரம்மா மாதிரி ஒருத்தர நான் பார்த்ததில்லப்பா" என்றார்.

அவர் சொன்னபடி, மயக்கம் என்று கேட்டதும் சுகுணா அவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறாள். துடிப்பைக் கேட்கிற கருவியை நர்ஸ் அவள் வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த அறையில் வேறு சத்தமில்லை. கொஞ்சம் ஓடியது. நின்றது. மறுபடி ஆரம்பிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. சுகுணா கண்ணை மூடாமல் அதைக் கேட்டாள். பிறகு தலையைத் திருப்பி, வாசல் பக்கம், அங்கே யாரோ வந்து நிற்பதைப்போலப் பார்த்தாள். நர்ஸும் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. "அந்தக் கதவ சாத்தாதீங்க" என்றாள் சுகுணா. காற்றுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவர்களும் விட்டுவிட்டார்கள்.

"நான் போயிடறேன் சார். புள்ள வரட்டும்" என்றாள். ஆரோக்கியராஜ் ரப்பர் முகமூடியை எடுத்து அவள் முகத்தருகே கொண்டுவந்தார். அவர் வைப்பதற்குள், ட்ரிப்ஸ் ஏறாத கையை நீட்டி அதை வாங்கி, மூக்கோடும் வாயோடும் சேர்த்துத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.